அடிக்குறிப்பில் செத்த சட்டம்

(திங்கட் கூட்டம் ஒன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மொழிப்போர் வரலாறு பேசுவான் என்று எண்ணி வந்தவர்கள் என்னைப் பொறுத்தருளல் வேண்டும். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கணினியையும் கைப்பேசியையும் இணையத்தையும் ஆளுகின்ற சட்டங்கள் எங்கே எழுதப்படுகின்றன, எங்கே அறிவிக்கப்படுகின்றன, அவற்றால் ஒறுக்கப்படும் நம் மக்கள் கைக்கு அவை என்றேனும் வந்து சேருகின்றனவா என்பதே அப்பொருள். ஆயினும் பேச்சு முடியுமுன் இதுவும் மொழிப்போரின் ஒரு கிளையே என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

எம் ஊரில் அச்சகம் ஒன்றில் எழுத்துக்கோப்பு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இருக்கின்றார். 2017ஆம் ஆண்டுக் கோடையில், தெருக்குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லையென்று, ஒரு வெற்றுக்குடத்தின் படத்தோடு நான்கு வரிகளை முகநூலில் எழுதினார். அவற்றுள் ஒரு வரி ஊர்ப் பெரும்புள்ளி ஒருவரைச் சற்றே நையாண்டி செய்தது. மறுநாள் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய தாயார் என் வீட்டு வாயிலில் வந்து நின்று அழுதமையால் யானும் உடன் சென்றேன். அங்கிருந்த அலுவலர் கொடியவர் அல்லர். நாற்காலி தந்து அமரச் செய்தார். நிலைப்பேழையிலிருந்து ஒரு தடித்த நூலை எடுத்துப் பிரித்து, "தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66ஏ, மூன்றாண்டு வரை சிறை" என்றார். "அப்பிரிவு செல்லாதென்று உச்சமுறைமன்றம் தள்ளி ஈராண்டு ஆயிற்றே, ஐயா" என்றேன். அவர் நூலை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதோ, அச்சாகி இருக்கிறதே!" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அரைப் பக்கத்திற்கு அப்பிரிவு முழுமையாக அச்சாகி இருந்தது. அதன் தலையில் ஒரு சிறு விண்மீன் குறி. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், இரண்டு வரி ஆங்கிலம். அப்பிரிவு இறந்த செய்தி அவ்விரண்டு வரியில்தான் இருந்தது. அவ்வளவு சிறிய எழுத்தை, அதுவும் ஆங்கிலத்தில், யார் படிப்பார்? வழக்கறிஞர் ஒருவர் தொலைபேசியில் பேசிய பிறகு மாலையில் இளைஞரை விட்டுவிட்டனர். கைப்பேசியைத் திரும்பப் பெறப் பதினொரு நாள் ஆயிற்று.

இஃது எம் ஊர்க் கதை மட்டும் என்று கருதிவிடாதீர்கள். இதன் முழு வரலாற்றையும் கேளுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்தோபர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மின்வாணிகத்திற்கும் மின்கையொப்பத்திற்கும் ஏற்பு அளிப்பதே அதன் முதல் நோக்கம். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நிகழ்ந்தது. அடுத்த திங்களே, திசம்பர் 22இல் மக்களவையிலும் 23இல் மாநிலங்களவையிலும், அச்சட்டத்திற்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. நாடு முழுவதும் வாய்திறந்து பேசும் உரிமையைத் தொடுகின்ற ஒரு திருத்தம், அவைகளில் உரிய கருத்தாடல் இன்றி இரண்டே நாளில் நிறைவேறியது. அதனுள் செருகப்பட்டதே 66ஏ. 2009 அக்தோபர் 27ஆம் நாள் அது செயலுக்கு வந்தது. நம்முள் எத்தனை பேர் அன்று அதனை அறிந்தோம்? யான் அறியவில்லை, வெட்கமின்றி ஒப்புக்கொள்கின்றேன்.

அறிந்தது எப்பொழுது தெரியுமா? அடி விழுந்த பிறகு. 2012 அக்தோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில் நடத்துபவர், நடுவண் அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றிக் கீச்சகத்தில் இரண்டு வரி எழுதியதற்காகத் தளைப்படுத்தப்பட்டார். அடுத்த திங்கள் மகாராட்டிரத்துப் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைபட்டதைக் குறித்து எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறியிட்ட அவர் தோழியும் தளைப்படுத்தப்பட்டனர். எழுதியவர் ஒருத்தி, ஆம் என்று தலையசைத்தவர் இன்னொருத்தி. இருவருக்கும் காவல்! அதன் பிறகே சிரேயா சிங்கால் என்னும் சட்ட மாணவி உச்சமுறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச்சு 24ஆம் நாள் நடுவர்கள் செலமேசுவரும் நாரிமனும் 66ஏ முழுவதும் அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தனர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிச் செல்ல விரும்புகின்றேன். அத்தீர்ப்பு வந்த பிறகு, ஒரு நாள் மாலை அமர்ந்து, அப்பிரிவைத் தமிழில் பெயர்க்க முயன்றேன். எரிச்சல், இடர்ப்பாடு, தீங்கு, தடை, இழிவு, ஊறு, குற்றநோக்குடைய அச்சுறுத்தல், பகை, வெறுப்பு, தீய எண்ணம் என்று ஒரு பட்டியல் வந்தது. இவற்றுள் எதனை உண்டாக்கும் பொருட்டுப் பொய்யெனத் தெரிந்தும் தொடர்ந்து செய்தி அனுப்பினாலும் ஒரே தண்டனை! பட்டியலை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "கொன்றுவிடுவேன் என்பவனுக்கும் எரிச்சல் மூட்டுபவனுக்கும் ஒரே சிறையா?" என்றார் அவர். மன்றம் பல பக்கங்களில் ஆய்ந்து சொன்னவற்றுள் இதுவும் ஒன்று: வேறு வேறு எடையுள்ளவற்றை ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றார்கள், சொற்களுக்கு வரம்பே இல்லை. ஆங்கிலத்தில் அடுக்கியபோது கற்றறிந்தார் மன்றத்தில் எவர் கண்ணையும் உறுத்தாத ஒன்று, தமிழில் எழுதிய மாத்திரத்தில் அடுப்படியிலிருந்த ஒருவரை உறுத்தியது. சட்டத்தை மக்கள் மொழியில் தருவது மக்களுக்குச் செய்யும் உதவி என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அது சட்டத்திற்கும் செய்யும் உதவி என்க.

சரி, 2015இல் செத்தது. புதைத்தார்களா? இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் மன்றத்தை மீண்டும் அணுக, 2019 பிப்பிரவரியில், தீர்ப்பின் படிகளை எல்லா உயர்முறை மன்றங்களுக்கும் மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்புமாறு ஆணை பிறந்தது. ஒரு நாட்டின் தலைமை மன்றம் அளித்த தீர்ப்பு, நான்காண்டு கழித்து அஞ்சலில் அனுப்பப்பட வேண்டியதாயிற்று! அதுவும் போதவில்லை. 2021இல் அதே கழகம் மன்றத்தின் முன் வைத்த கணக்கு இது: பதினொரு மாநிலங்களில், தீர்ப்புக்கு முன் நிலுவையில் இருந்த வழக்குகள் 229, தீர்ப்புக்குப் பின் புதிதாகப் பதிவானவை 1,307. செத்த பிறகும் அப்பிரிவு வேலை செய்துகொண்டே இருந்திருக்கின்றது! அதனைக் கேட்டு நடுவர் நாரிமன் திகைத்துப்போனார். அன்று நடுவணரசின் தலைமை வழக்குரைஞர் வேணுகோபால் தந்த விளக்கம் எம் ஊர்க் காவல் அலுவலர் தந்த விளக்கமேதான்: நூலில் பிரிவு இருக்கின்றது, தள்ளப்பட்ட செய்தி அடிக்குறிப்பில் இருக்கின்றது, வழக்குப் பதிபவர் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை.

2022 அக்தோபர் 12ஆம் நாள் தலைமை நடுவர் இலலித்து தலைமையிலான ஆயம் கடைசியாக ஓர் ஆணை பிறப்பித்தது. 66ஏ பிரிவின் கீழ் எவர் மீதும் வழக்கு நடத்தலாகாது. அதனோடு இன்னொன்றும் சொன்னது. அதுவே எனக்கு மிகப் பெரிதாகப் படுகின்றது. அரசோ, அரசு சார்ந்ததோ, தனியாரோ, எவர் அச்சட்டத்தை வெளியிட்டாலும், அப்பிரிவை எடுத்துக் காட்டுமிடத்து, அது செல்லாதெனத் தீர்ப்பான செய்தியைப் படிப்பவர் நன்கு அறியுமாறு தெரிவித்தல் வேண்டும் என்றது. நூலை ஒழுங்காக அச்சிடுங்கள் என்று ஒரு நாட்டின் உச்சமன்றம் ஆணையிட ஏழாண்டு ஆயிற்று.

சட்டத்தை அறியாமை குற்றத்திற்கு மறுப்பாகாது என்பது வழக்காறு. அறியாமல் செய்தேன் என்று ஓர் ஏழை சொன்னால் மன்றம் ஏற்காது. ஏற்க வேண்டுவதும் இன்று. ஆனால் அந்நெறிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1923ஆம் ஆண்டு திசம்பரில் செயப்பூர் அரசில், மன்னர் அகவை நிரம்பாதவராக இருந்தமையால் ஆட்சி நடத்திய அமைச்சர் குழு, அபினி பற்றி ஒரு சட்டத்தைத் தீர்மானமாக இயற்றியது. இயற்றியதே தவிர, அரசிதழிலோ வேறெங்குமோ வெளியிடவில்லை. அச்சட்டத்தின் கீழ் அர்லா என்பவருக்கு 50 உருவா தண்டம் விதித்தார்கள். வழக்கு உச்சமுறைமன்றம் வரை வந்தது. 1951இல் நடுவர் விவியன் போசு தீர்ப்பு எழுதினார். மக்கள் அறிந்திராத, முயன்றாலும் அறிந்துகொள்ள இயலாத ஒரு சட்டத்தால் அவர்களை ஒறுப்பது இயற்கை அறத்திற்கே மாறானது. ஏதேனும் ஒரு வகையில் பலரறிய வெளியிடப்படாத சட்டம் சட்டமாகாது என்று கூறித் தண்டத்தை நீக்கினார். ஐம்பது உருவா வழக்கில் பிறந்த நெறி இது. இதன் முன் நிறுத்திப் பாருங்கள் நம் இற்றைச் சட்டங்களை!

நம் முன்னோர் ஆணையை முரசறைந்து அறிவித்தனர். கல்லிலும் வெட்டினர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து ஊரவைத் தேர்தல் விதிகளை இன்றும் கோயிற் சுவரில் காணலாம். அவன் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டப்பட்டவை. அவ்விதிகளின் உள்ளடக்கம் நமக்கு உடன்பாடன்று. நிலமும் மறைக்கல்வியும் உடையாரே அவையேறலாம் என்று வரம்பு கட்டிய விதிகள் அவை. அதனை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசும் வழக்கம் நம்மவரிடை உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. ஆயினும் யார் தகுதியர், யார் தகுதியரல்லர் என்பதைப் பேழையில் பூட்டாமல் சுவரில் எழுதி வைத்தார்களே, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

இன்றைய சுவர் எது? 2015 அக்தோபர் முதல் இந்திய அரசிதழ் தாளில் அச்சாவது நின்று, இணையத்தில் மட்டுமே வெளிவருகின்றது. இணையத்தில் வெளியிட்டாலே வெளியிட்டதாகக் கொள்ளலாம் என்பதற்கு வழி செய்திருப்பது, முன்னர்ச் சொன்ன அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. தாளை விட இணையம் விரைவானது, கட்டணமற்றது. யான் அதனை வெறுப்பவன் அல்லேன். ஆனால் அரசிதழ்த் தளத்தில் நாடோறும் வந்து குவியும் அறிவிப்புகளுள், என் வாழ்வைத் தொடும் ஒன்று எது என்று எனக்குச் சொல்வார் யார்? 2021இல் இணையச் செய்தி ஊடகங்களுக்கென விதிகள் வந்தன. 2023 ஏப்பிரலில் அவற்றைத் திருத்தி, நடுவணரசைப் பற்றிய செய்திகள் மெய்யா பொய்யா எனக் காணும் குழு ஒன்றுக்கு இடம் செய்தார்கள். 2024 மார்ச்சு 20இல் குழுவை அறிவித்தார்கள்; மறுநாளே உச்சமுறைமன்றம் அதனை நிறுத்தி வைத்தது; அவ்வாண்டு செப்டம்பரில் மும்பை உயர்முறை மன்றம் அத்திருத்தத்தையே செல்லாதாக்கியது. பிறந்ததும், நின்றதும், தள்ளுண்டதும் ஒன்றரை ஆண்டுக்குள். சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்க்கும் தலை சுற்றும். அச்சகத்து இளைஞர் என் செய்வார்?

இனி மொழிக்கு வருவோம். நாடாளுமன்றத்தின் சட்டங்கள், விதிகள் ஆகியவற்றின் பற்றுக்கோடான பாடம் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு. மாநிலச் சட்டமன்றம் தன் மொழியிலேயே இயற்றினாலும், அதன் ஆங்கிலப் பெயர்ப்பை அரசிதழில் வெளியிட்டு, அதனையே ஆங்கிலப் பற்றுக்கோட்டுப் பாடமாகக் கொள்ள வேண்டும். எனினும் கதவு முழுவதும் அடைபடவில்லை. 1973ஆம் ஆண்டில் நடுவணரசே ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் அட்டவணை மொழிகளில், குடியரசுத் தலைவரின் ஏற்போடு அரசிதழில் வெளியாகும் பெயர்ப்பு, அம்மொழியில் பற்றுக்கோடான பாடமாகும் என்கின்றது அது. நம் இயக்கத் தோழர்களுள் பலர் இப்படியொரு சட்டம் இருப்பதையே கேள்வியுற்றதில்லை. ஐம்பதாண்டாகக் கையில் இருக்கும் கருவி; எடுத்துக் கூர் பார்க்கவில்லை நாம். ஒவ்வொரு தொழில்நுட்பச் சட்டத்திற்கும், ஒவ்வொரு திருத்தத்திற்கும், அது வெளிவரும் அன்றே இவ்வகைத் தமிழ்ப் பாடம் வெளிவருதல் வேண்டும் என்று கேட்க, நமக்குப் புதுச்சட்டம் எதுவும் வேண்டா.

கேட்டால் கொடுப்பார்களா? 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டு, நாட்டு மக்கள் கருத்தைக் கேட்டார்கள். அது தொழில்நுட்பச் சட்டம் அன்று, நோய் அதுவே. எட்டாம் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் பத்து நாளில் பெயர்த்துத் தருக என்று தில்லி உயர்முறை மன்றம் சூன் 30இல் ஆணையிட்டது. பெயர்ப்பதற்குப் பதிலாக, அதனை எதிர்த்து மேல்மன்றம் ஏறியது நடுவணரசு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2023இல் வந்த எண்மியத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், நம் தரவைப் பெறும் நிறுவனம் எதுவாயினும், அதன் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும் என்கின்றது. நல்ல ஏற்பாடு, பாராட்டுகின்றேன். கடைக்காரனுக்கு விதித்த கடமையை அரசு தன் சட்டங்கள் அனைத்திற்கும் தானே விதித்துக்கொள்ளலாகாதா? அதே சட்டத்தின் 44ஆம் பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகின்றது. தனியாள் தகவலே ஆயினும், பெரும் பொதுநலன் கருதினால் கொடுக்கலாம் என்று 8(1)(ஞ) பிரிவில் இருந்த வரம்புகளை எடுத்துவிட்டுத் தனியாள் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 8(2) என்னும் பொதுப்பிரிவு எஞ்சியிருப்பது உண்மையே. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். 2025 நவம்பரில் அச்சட்டத்தின் விதிகளை அறிவித்தபோது, நம் மொழியில் அறிவிப்புக் கேட்கும் உரிமைக்குப் பதினெட்டுத் திங்கள் தவணை. தகவல் உரிமையைக் குறைத்த உட்பிரிவுக்குத் தவணையே இல்லை; உடனே நடைமுறை! இந்தியாவிலேயே முதன்முதலாக 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மண் நம் தமிழ்மண். இங்கு அதைப்பற்றி எத்தனை கூட்டம் நடந்தது?

நம் குறையையும் சொல்லிவிடுகின்றேன். சட்டத் தமிழ் என்ற பெயரில் நாம் எழுதுவது சில வேளை ஆங்கிலத்தினும் கடுமையாக இருக்கின்றது. வேர் பார்த்துச் சொல் ஆக்குகின்றோம். அச்சொல்லைக் கேட்பவன் முகத்தைப் பார்ப்பதில்லை. தூய தமிழும் விளங்கும் தமிழும் பகையல்ல. ஆவணம், பட்டா நிலம், வழக்கு, பிணை, சான்று என்று நம் உழவர் நாவில் வழங்கும் சட்டச் சொற்களைத் தொகுத்தாலே பாதி வேலை முடியும்.

அமெரிக்காவில் 1995 சனவரியில் அந்நாட்டுப் பேராய நூலகம் சட்ட வரைவுகளை யாவரும் கட்டணமின்றிப் பார்க்க இணையத்தில் வைத்தது. அங்கும் அது போதவில்லை. ஒரு வரைவு எந்நிலையில் உள்ளது, யார் ஏற்றார், யார் மறுத்தார் என்று தொடர்ந்து காட்டும் தளம் ஒன்றை 2004இல் யோசுவா தாபரர் என்பவர் தனியாளாகத் தொடங்கினார். அவர் வழக்கறிஞர் அல்லர், மொழியியல் பயின்றவர். இந்தியாவில் 2008இல் சுசாந்து சின்கா என்னும் கணினி வல்லுநர், தீர்ப்புகளையும் சட்டங்களையும் எவரும் தேடிப் படிக்கும் தளத்தைத் தொடங்கினார். யானும் அதனையே பார்க்கின்றேன். இவர்கள் பெருஞ்செல்வரும் அல்லர், அமைச்சரும் அல்லர். தமிழில் இப்பணியைச் செய்ய நம்முள் ஒருவரும் இல்லையா?

நமக்குப் படிப்பகம் புதிதன்று. ஓலைக் கூரையின் கீழ் ஒரு மேசை, நான்கு நாளிதழ், ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பது; அப்படித்தான் இயக்கம் வளர்ந்தது. அங்கே ஒரு பலகை வையுங்கள். திங்களுக்கு ஒருமுறை, இணையம் அறிந்த இளைஞர் ஒருவர் அரசிதழையும் தீர்ப்புகளையும் பார்த்து, கைப்பேசியும் வங்கிக் கணக்கும் வைத்திருக்கும் எவரையும் தொடுகின்ற மாற்றம் யாது, எந்நாள் முதல், எந்தப் பிரிவு உயிரோடிருக்கின்றது, எது செத்தது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டட்டும். ஐயம் எழுந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படித் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தமிழில் கேட்டதற்காக எந்த அலுவலகமும் அதனைத் திருப்பியனுப்ப இயலாது. இன்ன சட்டத்திற்கு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படித் தமிழ்ப் பாடம் வெளியாயிற்றா, எந்நாள், இல்லையேல் ஏன் என்று கேளுங்கள். பத்து உருவாக் கட்டணம்.

எம் ஊர்ப் படிப்பகத்தில் அப்பலகை தொங்கி நான்கு திங்களாகின்றது. எழுதுபவர் அந்த அச்சகத்து இளைஞரே. முதல் தாளில் அவர் எழுதியது 66ஏ பற்றி. விண்மீன் குறியும் அடிக்குறிப்பும் இல்லாமல், செத்தது என்னும் சொல்லைத் தலைப்பிலேயே, சாலையில் போவார்க்கும் தெரியுமளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தார். சென்ற கிழமை காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, அத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்றார்.